சுண்ணாம்பு அடித்த சுவரும் என் பிராண்டும்

1

2024 ஒக்டோபர் 15, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். முதலில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வெப்பநிலையைப் பார்த்தேன். 4 பாகை. சீ.ஆர். என்ற தடித்த அட்டைக் கொப்பியில் எழுதினேன். இது வீட்டுப் பெட்டிதான். யாரும் எழுதச் சொல்லவில்லை. பதினைந்து வருடப் பழக்கம். கொப்பி மட்டும் இங்கே கிடைக்காது. இலங்கையில், யட்டியாந்தோட்டை பஜாரில் ரியாஸ் நானா கடையில் என் தம்பி வாங்கி, ஆண்டுக்கு ஆறு என்று அனுப்புவான்.

தேநீர், இரண்டு துண்டு பாண், முதல்நாள் சம்பல். 6.05க்குக் கார். 6.32க்குத் தொழிற்சாலை வாசல். நியூசிலாந்தில் ஹமில்டன் என்ற ஊருக்கு வெளியே உள்ள பால்மாத் தொழிற்சாலை. அதன் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஒக்டோபர் இங்கே மாடுகள் அதிகம் கறக்கும் மாதம். 7 மணிக்குப் பால் ஏற்றிய முதல் பவுசர் லொறி வந்தது. மதியத்துக்குள் இருபத்திரண்டு பவுசர்கள். ஒவ்வொன்றிலும் மாதிரி எடுத்து, நீர் கலந்திருக்கிறதா, மாட்டுக்குக் கொடுத்த மருந்து மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதினேழாவது பவுசருக்கு ஒரு எண்ணைத் தவறாக எழுதிவிட்டேன். ஒற்றைக் கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, பெயரின் முதல் எழுத்தையும் தேதியையும் இட்டேன். எங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் அழிறப்பரோ வெள்ளை மையோ கொண்டுவரக் கூடாது. எழுதிய பிழையும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும். இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இதுதான்.

அன்றைக்கு நான் அங்கே சேர்ந்து சரியாகப் பதினைந்து ஆண்டு. எனக்கு ஞாபகம் இருந்தது, கம்பனிக்கு இல்லை. ஆனால் உத்தியோகம் பார்ப்பவர்கள் தங்களைத் தாங்களே காட்சிக்கு வைக்கும் இணையத்தளம் ஒன்று இருக்கிறதே, அதற்கு ஞாபகம் இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்குள் நாற்பத்தொரு பேர் வாழ்த்தியிருந்தார்கள். நாற்பத்தொரு பேரும் ஒரே வாக்கியத்தில். அந்த வாக்கியத்தைத் தளமே எழுதி வைத்திருக்கும், நாம் விரலை வைத்தால் போதும். அவர்களில் ஒருவன் என் எதிர்மேசை ஜோஷ். வாழ்த்தை அனுப்பிவிட்டு நிமிர்ந்து, என்னிடம் பேனா இரவல் கேட்டான்.

மறுநாள் காலை 9.30க்கு எனக்கு நேர்முகத் தேர்வு. ஆய்வுக்கூட மேற்பார்வையாளர் பதவி. அது ஏறக்குறைய என் கைக்கு வந்துவிட்டது என்றே எல்லோரும் சொன்னார்கள். எப்படி வந்தது என்பதைத்தான் ஊரில் இருப்பவர்களுக்கு ஒழுங்காக எழுதிவைக்க நினைக்கிறேன்.

2

பழைய மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றுப் பதினான்கு மாதம். அந்தப் பதினான்கு மாதமும் அவர் வேலையை நான் பார்த்தேன். அந்தப் பதவிக்கு முன்னால் ‘தற்காலிக’ என்று ஒரு சொல் உண்டு. என் சொந்த வேலையையும் நான்தான் பார்த்தேன். அதற்கு முன்னால் எந்தச் சொல்லும் இல்லை.

ஜூலையில் விளம்பரம் போட்டார்கள். கூடவே மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு கடிதம். தலைமைப் பதவிக்கு வர விரும்புகிறவர்கள் தங்களுக்கென ஒரு பிராண்டைக் கட்டியெழுப்பியிருக்க வேண்டுமாம். தெரியாதவர்களுக்கு மூன்று அமர்வுகளில் பயிற்சி.

பிராண்ட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. நான் யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் தொழிற்சாலையில் கிரேப் ரப்பரைக் கட்டாகக் கட்டி, எழுத்து வெட்டிய தகட்டை மேலே வைத்து, கறுப்பு மையால் தோட்டத்து மார்க்கைக் குத்துவார்கள். மார்க் ரப்பருக்கு. குத்துகிற ஆளுக்கு மார்க் கிடையாது. நாற்பத்தொன்பது வயதில் எனக்கும் ஒரு தகடு வெட்ட வேண்டியிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பயிற்சியாளர் பெயர் ஹெலன். உங்களுக்குள் இருக்கும் உண்மையான உங்களை வெளியே கொண்டுவருவேன் என்று அறிமுகம் செய்துகொண்டார். முதலில் என்னை மூன்று சொற்களில் எழுதச் சொன்னார். ‘சரியானவள்’, ‘நேரம் தவறாதவள்’ என்று எழுதினேன். மூன்றாவது தேவைப்படவில்லை. இவை சுவர்க்கடிகாரத்தைப் பற்றிய சொற்கள்போல இருக்கின்றன என்றார் ஹெலன். அடுத்து என் தொழில் வரலாறு. ஒன்றும் விடாமல் எழுதிக் கொடுத்தேன். 2019 மே மாதத்தில் இரண்டு போத்தல்களுக்குச் சிட்டையை மாற்றி ஒட்டியதையும், நாற்பது நிமிடத்தில் நானே கண்டுபிடித்ததையும் சேர்த்து. இதை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டார். நடந்தது, அதனால் எழுதினேன் என்றேன். வைத்தியர் நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பிறகு அந்தத் தளத்தில் எனக்கு ஒரு பக்கம் திறந்தோம். பிறந்த இடத்தைப் பட்டியலிலிருந்து தெரிவுசெய்ய வேண்டும். யட்டியாந்தோட்டை இல்லை. கேகாலை இல்லை. கொழும்பு இருந்தது. பத்தொன்பது வயது வரை நான் கொழும்பைக் கண்டது மூன்று தடவை. அதில் ஒன்று கண் ஆஸ்பத்திரி. ‘பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்றார் ஹெலன். கொழும்பு என்று விழுந்தது.

மாதிரிக்கு ஜோஷின் பக்கத்தைக் காட்டினார். ஜோஷுக்கு இருபத்தெட்டு வயது, சேர்ந்து இரண்டு வருடம், அவனும் இதே பதவிக்கு விண்ணப்பித்திருந்தான். பெயருக்குக் கீழே ‘பாலின் கதைசொல்லி’ என்று போட்டிருந்தான். ஒரு போத்தல் பாலைச் சூரிய வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தரம் என்பது ஒரு தவம் என்ற கருத்தில் நாலு வரி. போத்தலின் சிட்டை இலக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மருந்து கலந்திருக்கிறது என்று நான் நிராகரித்து, கழிவுக் கானில் ஊற்றச் சொன்ன பால் அது.

இரண்டாவது அமர்வில், பேச்சோடு பேச்சாக நான் பிறந்த லயத்தைப் பற்றிக் கேட்டார் ஹெலன். ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு வீடு, எங்களுடையது நாலாவது காம்பரா, அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற தொழிலாளர்கள் என்றேன். அவருடைய பேனா நின்றது.

‘இதுதான் உங்கள் பிராண்ட்’ என்றார். ‘படம் இருக்கிறதா?’

3

தம்பி சிவபாலன் இன்றும் அதே காம்பராவில்தான் இருக்கிறான். விடியற்காலை பால்வெட்டு, பிற்பகல் த்ரீவீல் ஆட்டோ ஓட்டம். பின்பக்கம் சமைக்க ஒரு குசினி இழுத்திருக்கிறான், தரைக்கு டைல்ஸ் பதித்திருக்கிறான். செப்டெம்பர் 12ஆம் திகதி வாட்ஸ்அப்பில் அவனுக்குச் சொன்னது இவ்வளவுதான்: ‘தம்பி, நம்ம காம்பராவ ஒரு படம் எடுத்து அனுப்பு. என் வேல விஷயமா இங்க பெரியாக்கள் பாக்கணுமாம்.’

இதைவிடத் தவறாக ஒரு செய்தியை அந்தத் தோட்டத்துக்கு அனுப்ப முடியாது.

வெளியாட்கள் லயத்தைப் பார்க்கப் போகிறார்கள் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கானைச் சுத்தம் செய்ய வேண்டும். கோழியை அடைக்க வேண்டும். கொடியில் காயும் துணியைப் பின்பக்கம் மாற்ற வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். தோட்டத்து மனேஜர் பெரிய தொரை வந்தாலும் அதுதான், வெளிநாட்டிலிருந்து ஆடிட்காரர்கள் வந்தாலும் அதுதான்.

ஆடிட் என்பது நான் தோட்டத்து ரப்பர் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் வந்தது. தொழிலாளரை நன்றாக வைத்திருக்கும் தோட்டம் என்று ரப்பர் கட்டில் ஒரு சின்னம் ஒட்டுவதற்கு வெளியே இருந்து வந்து பார்ப்பார்கள். அதாவது, என்னைவிட இருபது வருடத்துக்கு முன்னாலேயே எங்கள் தோட்டம் பிராண்ட் கட்ட ஆரம்பித்துவிட்டது. காலை ஏழு மணிக்கு ஸ்டோரைத் திறந்து பால்வெட்டுகிறவர்களுக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் கொடுப்பார்கள். ஆடிட்காரர்கள் மலையைச் சுற்றிவிட்டு, டிஸ்பென்சரிக் கட்டிலின் புதிய விரிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, மூன்றரைக்கு வாகனம் ஏறுவார்கள். நாலு மணிக்குப் பூட்ஸ் திரும்ப ஸ்டோருக்கு.

பூட்ஸ் வாங்கியவர்களின் பட்டியலை எழுதியவள் நான். ஒரு முறை கொடுத்தது அறுபத்துநான்கு சோடி, திரும்பியது அறுபத்துமூன்று. முனியாண்டி என்பவருடையது வரவில்லை. கணக்கப்பிள்ளை இரண்டு நாள் லயத்தில் காம்பரா காம்பராவாகத் தேடினார். கட்டிலுக்குக் கீழே, கூரை மூலையில், கோழிக்கூட்டுக்குள் எல்லாம் பார்த்தார்கள். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, முனியாண்டி அதைக் காலில் போட்டுக்கொண்டு மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். பூட்ஸைத் தேடியவர்களில் ஒருவருக்கும் வேலை செய்கிறவன் காலைப் பார்க்கத் தோன்றவில்லை.

4

படம் வரப் பத்தொன்பது நாள் ஆனது. நான் கேட்கும்போதெல்லாம் ‘மழ அக்கா’ என்று மட்டும் பதில் வந்தது. படம் எடுக்க என்ன மழை, சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒக்டோபர் முதலாம் திகதி படம் வந்தது. லயத்தின் முன்பக்கம் முழுவதும், பன்னிரண்டு காம்பராவுக்கும் சேர்த்து, கண் கூசும் வெள்ளை. கீழே இரண்டடிக்கு நீலக்கரை. கான் விளிம்பில் சிவப்புக் கல் அடுக்கியிருந்தது. நாலாவது காம்பராவின் இஸ்தோப்பில், அதாவது எங்கள் வாசல் வராந்தாவில், இரவல் வாங்கிய ஆறு பிளாஸ்டிக் கதிரைகள். கூரைமேல் டிஷ் அன்டெனா, அதையும் துடைத்திருந்தார்கள். கழுவிய த்ரீவீல் ஒரு பக்கம். தம்பி மனைவி ஜெயா கூறைச்சேலையில். நடுவே தம்பி, வெள்ளைச் சட்டை, களிசான், கால்களில் புத்தம்புதுப் பூட்ஸ்.

கீழே எழுதியிருந்தான்: ‘மழ விட்டு நாலு நாள் காயவுட்டுத்தான் அடிக்க ஏலும். எல்லாரும் சேந்து அடிச்சோம். பெரியாக்கள் பாத்துட்டு உங்களுக்கு வேல குடுக்கணும்.’

மூன்றாவது அமர்வுக்கு அதைக் கொண்டுபோனேன். ஹெலன் வெகுநேரம் பார்த்தார். மிகவும் அழகாக இருக்கிறது என்றார். இதற்கு முந்தைய நிலையில் ஒன்று இருக்குமா என்றார். எதற்கு முந்தைய நிலை என்று கேட்டேன். ‘கூரை… கொஞ்சம்…’ என்று கையை ஆட்டினார். கூரை எப்போதும் இருந்தது என்றேன். பிறகு அவரே இணையத்தில் தேடி ஒரு படத்தைக் காட்டினார். மூடுபனி, மலை, முதுகில் கூடையோடு கொழுந்து பறிக்கும் பெண்கள். இது தேயிலை, நுவரெலியாப் பக்கம், நாங்கள் ரப்பர் என்றேன். உணர்ச்சி ஒன்றுதானே என்றார் ஹெலன். கடல் மட்டத்திலிருந்து உயரம் ஒன்றல்ல என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

5

மகள் தாரணிக்குப் பதினேழு வயது. இரண்டு வயதில் இங்கு வந்தவள். ஒன்பது வயதில் ஒரு முறை மட்டும் லயத்துக்குக் கூட்டிப்போனேன். அட்டை கடித்தது ஞாபகம் இருக்கிறது அவளுக்கு. என் தமிழ்க் கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், கெஞ்ச வேண்டுமானால் தமிழுக்கு வருவாள். சிவபாலனை மாமா என்று சொல்வதில்லை, ‘உங்க தம்பி’ என்பாள்.

ஹெலன் சொன்னதை அவளிடம் சொன்னேன். ஃபோனைக் கொடுங்கள் என்றாள். பன்னிரண்டு நிமிடம். விரலால் தடவத் தடவ டிஷ் போனது. த்ரீவீல் போனது. கதிரைகள் போயின. கூரை ஒரு பக்கம் இல்லாமல் போனது, வெள்ளைச் சுவரில் பாசி படர்ந்தது, நீலக்கரை சேறானது. ஜெயாவின் கூறைச்சேலை கண்ணை இழுக்கிறது என்று அவளை எடுத்தாள். அப்புறம் தம்பி தனியாக நிற்பது பொருந்தவில்லை என்று அவனையும் எடுத்தாள். ஆளில்லாத ஒரு இருட்டு லயம் மிஞ்சியது.

‘மா, இது பொய் இல்ல’ என்றாள் என் முகத்தைப் பார்த்து. ‘எடிட்.’

வாசகமும் அவளே எழுதினாள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் பத்துப் பேர். வெறுங்காலில் எட்டுக் கிலோமீற்றர் நடந்து பள்ளிக்கூடம். மெழுகுதிரி வெளிச்சத்தில் படிப்பு. இன்று ஒரு நாட்டின் பாலைக் காக்கும் கண்கள். சிவப்புப் பேனாவால் ஒன்பது பிழைகளைக் குறித்தேன். அறையில் ஏழு பேர். பள்ளிக்கு நடை இரண்டு கிலோமீற்றர், மீதிக்கு 7.05 பஸ். ஐந்தாம் வகுப்பிலிருந்து சப்பாத்து உண்டு. மெழுகுதிரி கரண்ட் போனால் மட்டும். ஒன்பதில் நாலைத் திருத்தினாள். மற்ற ஐந்துக்கும் ஒரே பதில்தான்.

‘யாரு மா போய் அளக்கப் போறாங்க?’

அளப்பதுதான் என் தொழில். ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு அறிக்கை வெளியே போக வேண்டுமானால் இரண்டு கையொப்பம் வேண்டும். சோதித்தவர் ஒருவர், சரிபார்த்தவர் இன்னொருவர். இதற்கு அப்படி யாரும் இல்லை. ஒக்டோபர் 9, புதன்கிழமை, மாலை 8.17. பொத்தானை அழுத்தியது தாரணி அல்ல, நான். அந்தப் பதவி எனக்கு வேண்டியிருந்தது. பதினான்கு மாதம் செய்த வேலையை இன்னொருவன் போத்தலைத் தூக்கிப் பிடித்து வாங்கிக்கொண்டு போவதை எதிர்மேசையில் இருந்து பார்க்க எனக்கு விருப்பமில்லை. இதை மகள்மேல் போட மாட்டேன்.

மூன்று நாளில் 2,316 பேர் விரும்பியிருந்தார்கள். என்னைப் பதினைந்து ஆண்டில் வேறு இரண்டு பெண்களின் பெயரால் மாறி மாறி அழைத்த பொது முகாமையாளர், முதல் முறையாக என் பெயரைச் சரியாக எழுதி, இது தன்னைத் தாழ்மை கொள்ளச் செய்கிறது என்று பதிவிட்டார். கம்பனி அதைத் தன் முகநூல் பக்கத்திலும் போட்டது. ஆய்வுக்கூட முகாமையாளர் தாழ்வாரத்தில் நிறுத்தி, புதன்கிழமைத் தேர்வு இனி ஒரு சடங்குதான் என்றார். எத்தனையோ ஆயிரம் மாதிரிகளைச் சரியாகப் பார்த்ததற்கு அவர் ஒரு நாளும் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தியதில்லை.

ஜோஷும் வந்து கை குலுக்கினான். ‘உங்களுக்குக் கதை இருக்கிறது. நான் இங்கே ஹமில்டனில் பிறந்தவன், எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை’ என்றான். உண்மையாகவே வருத்தப்பட்டான். எங்கள் காம்பராவைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முதல் மனிதன் அவன்தான்.

6

15ஆம் திகதி வேலை முடிந்து வந்து, மறுநாளுக்குச் சேலையா காற்சட்டையா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை 7.10க்குத் தம்பி அழைத்தான். அங்கே காலை 11.40. அந்த நேரத்தில் அவன் அழைத்தால் மழை, பால்வெட்டு இல்லை என்று அர்த்தம்.

முதலில் மழையைப் பற்றிச் சொன்னான். பிறகு என் முழங்கால் வலி எப்படி என்று கேட்டான். பிறகு கொஞ்சம் இருமினான்.

‘ரியாஸ் நானா கடைக்குப் போனேன் அக்கா, உங்க கொப்பி வாங்க. நானா ஃபோன்ல ஒங்க படத்த காட்டினாரு. தங்கச்சி பெரிய ஆளா வந்துட்டான்னு கடையில இருந்த எல்லாருக்கும் காட்டினாரு. மொதல்ல நான் இது வேற லயம்னு நெனச்சேன். மூணாவது காம்பரா முன்னுக்கு உள்ள பலாமரத்த வச்சுத்தான் கண்டுபுடிச்சேன்.’

எடுத்து வைத்த சேலையை மடிக்கத் தொடங்கினேன்.

‘டிஷ்ஷு எங்கக்கா?’

‘இங்க உள்ளவங்க…’ என்று தொடங்கினேன். வாக்கியம் முடியவில்லை.

‘த்ரீவீல விடுங்க, அது எப்பவும் கராஜ்லதான் கெடக்குது. இல்லன்னாலும் சரி. ஜெயா எங்க? கூறச்சேலைய கட்டிக்கிட்டு மூணு மணித்தியாலம் நின்னா. வெயில் வார வரைக்கும் நின்னா. அவளுக்கு இன்னும் காட்டல நான். சுவரு எங்கக்கா? பன்னெண்டு காம்பராக்காரங்களும் அடிச்சது. அக்காவுக்கு வேலைக்குன்னு சொன்னதும் ஒருத்தரும் ஏன்னு கேக்கல.’

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

‘நீங்கதானே அப்ப பூட்ஸ் லிஸ்ட் எழுதினீங்க. நாங்க சிரிப்போமே. இங்க தொரமாரு இல்லாத பூட்ஸ போட்டுக் காட்டுறாங்க. நீங்க இருக்கிற சுவர கழட்டிட்டுக் காட்டுறீங்க. ரெண்டுக்கும் நாங்கதானா அக்கா நிக்கணும்?’

மன்னிச்சிரு என்ற சொல் வந்தது, ஆனால் அது நாற்பத்தொரு பேர் அனுப்பிய வாக்கியம்போல இருந்ததால் சொல்லவில்லை. இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்றேன்.

‘ஐயோ, எடுக்காதீங்க’ என்றான் உடனே. ‘நாளைக்குத்தானே இன்டர்வியூ? அது முடியட்டும். வேல கெடைக்கட்டும். லயத்துல கேட்டா, அனுப்பயில படம் பழுதாயிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். சரி, வைக்கிறேன் அக்கா. கொப்பி ஆறும் வாங்கிட்டேன்.’

பதிவைப் பார்த்தேன். 2,904 ஆகியிருந்தது.

தாரணியிடம் சொன்னேன், முழுவதும், தமிழில். அவள் ஃபோனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். நாளைக்கு முன்னால் அதைத் தொட்டால் பொய் சொன்னவள் என்றுதான் என்னைச் சொல்லுவார்கள், வேலை போய்விடும், அழிப்பதானால் தேர்வு முடிந்த பிறகு சத்தமில்லாமல் அழிக்கலாம் என்றாள். அதில் ஒரு தர்க்கப் பிழையும் நான் காணவில்லை. எழுந்து போகும்போது மட்டும் கதவருகே நின்று கேட்டாள்: ‘மாமா அழுதாரா?’

இல்லை என்றேன். மாமா என்று சொன்னதை நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

7

ஒக்டோபர் 16, புதன்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். பதினைந்து வருடத்தில் முதல் முறையாகக் குளிர்சாதனப் பெட்டிக்குப் போகாமல் மேசைக்குப் போனேன்.

பதிவை அழிக்கவில்லை. அழிப்பது ஆய்வுக்கூட முறை அல்ல. பழைய படம் அங்கேயே இருக்க, அதன் கீழே தம்பி அனுப்பிய படத்தைச் சேர்த்தேன். அதன் கீழே தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக எழுதினேன்:

‘திருத்தம். மேலே உள்ள படம் மாற்றப்பட்டது. அதற்கு அனுமதி கொடுத்தது நான். கீழே உள்ளது உண்மையான படம். சுவர் வெள்ளை, பன்னிரண்டு குடும்பங்கள் இந்தப் பதவிக்காக அடித்தது. கூரை எப்போதும் இருந்தது. டிஷ் அன்டெனா உண்டு. நிற்பவர்கள் என் தம்பியும் அவர் மனைவியும். அறையில் இருந்தது ஏழு பேர். பள்ளிக்கூடத்துக்கு நடந்தது இரண்டு கிலோமீற்றர், மீதி பஸ். ஐந்தாம் வகுப்பிலிருந்து சப்பாத்து இருந்தது. மெழுகுதிரி கரண்ட் இல்லாதபோது மட்டும். பிறந்த இடம் கொழும்பு அல்ல, யட்டியாந்தோட்டை.’

அழுத்தவில்லை. முதலில் தம்பிக்கு அனுப்பினேன். அங்கே முதல் நாள் இரவு 9.50, படுத்திருக்க மாட்டான். சரிபார்த்துச் சொல் என்று மட்டும் எழுதினேன். இன்டர்வியூவை ஞாபகப்படுத்தித் திட்டுவான் என்று நினைத்தேன்.

பதில் வந்தது.

‘ஒண்ணு விட்டுட்டீங்க அக்கா. பூட்ஸ் என்னோடது இல்ல. ஸ்டோர்ல இரவல் வாங்கினது. நாலு மணிக்குத் திருப்பிக் குடுத்துட்டேன். அதையும் எழுதுங்க.’

எழுதினேன். கீழே தேதியிட்டேன். சோதித்தவர் என்ற இடத்தில் என் பெயரின் முதல் எழுத்து. சரிபார்த்தவர் என்ற இடத்தில் சி. சிவபாலன், பால்வெட்டுத் தொழிலாளி, நாலாவது காம்பரா. 5.41க்குப் பொத்தானை அழுத்திவிட்டு, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். 4 பாகை.